சைக்கிள் மிதித்து வந்த ஆங்கிலம்

எங்கள் வீட்டில் சைக்கிளை மிதித்தால்தான் ஆங்கிலம் வரும். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் பாதிச் சொல்லில் நின்றுவிடும். எல்லோருடைய வீட்டிலும் இப்படித்தான் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

அப்போது நாங்கள் இரணைமடு வாய்க்கால் ஓரத்தில் இருந்தோம். முன்னால் வளவு, பின்னால் வயல். அப்பாவின் தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். மின்சாரம் இல்லை. சண்டைக் காலத் தடையால் கடைகளில் பற்றரி கிடைப்பதும் நின்றுபோயிருந்தது. வீட்டில் மிஞ்சிக் கிடந்த செத்த பற்றரிகளை வெயிலில் காயவைத்து, இன்னும் ஒரு பாட்டாவது வருமா என்று பார்க்கிறவர்கள் இருந்தார்கள். அந்தப் பற்றரிகளும் அடங்கிய பிறகு ஊர் முழுக்கச் சைக்கிளின் பக்கம் திரும்பியது.

ஏற்பாடு இதுதான். அப்பாவின் சைக்கிளை விறாந்தையில் இரட்டை ஸ்ராண்டில் ஏற்றிவிடுவோம். பின்சில்லு நிலத்தில் முட்டாமல் நிற்கும். லைற்றுக்குக் கரண்ட் கொடுக்கிற டைனமோவை அந்தச் சில்லோடு சேர்த்துவிட வேண்டும். அதிலிருந்து ஒரு வயர், அண்ணா எங்கெங்கோ கேட்டு வாங்கிப் பிஸ்கற் ரின்னுக்குள் அடைத்து வைத்திருந்த சில சாமான்களுக்குப் போகும். ரின்னிலிருந்து இன்னொரு வயர், கதிரையில் இருக்கும் ரேப் ரெக்கோடருக்கு. மிதிக்க மிதிக்கக் கசற் சுற்றும். மற்ற வீடுகளில் இப்படி றேடியோவில் செய்தி கேட்டார்கள். றேடியோவுக்கு எப்படி மிதித்தாலும் ஒன்றுதான். சத்தம் கொஞ்சம் கூடிக் குறையும், அவ்வளவே. கசற் அப்படியல்ல. வேகமாக மிதித்தால் உள்ளே பேசுகிற ஆள் குருவிபோலக் கீச்சிடுவார். மெதுவாக மிதித்தால் அதே ஆளுக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்து நித்திரையும் வந்துவிடும்.

எங்கள் வீட்டில் கசற் சுற்றியது சின்னம்மாவுக்காக. அம்மாவின் தங்கை. உயர்தரம் படித்து முடித்துவிட்டு எங்களோடு இருந்தா. மதகடிப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்கு ஆள் இல்லை. ஆங்கிலப் பாட நேரத்தில் நாங்கள் பள்ளிக்கூடத்து மரவள்ளிப் பாத்தியில் புல்லுப் பிடுங்குவோம். அந்த இடத்துக்குத் தொண்டர் ஆசிரியர் ஒருவரை எடுக்கப் போகிறார்கள், நேர்முகப் பரீட்சை நடக்கப் போகிறது என்று செய்தி வந்தபோது, சின்னம்மா எழுதிக் கேட்டுவிட்டா.

கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வவுனியாவில் பெரிய மாமாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மாமி தனிய, உதவிக்குச் சின்னம்மாவை அனுப்புங்கோ என்று அவர் இரண்டு தரம் ஆள் மூலம் சொல்லிவிட்டிருந்தார்.

"குழந்தை நடக்கிற வரைக்கும்தானே," என்றா அம்மா.

"அது நடக்கத் தொடங்க அடுத்தது பிறக்கும், அக்கா," என்றா சின்னம்மா. "நான் அந்தக் குசினிக்குள்ளை போனா வெளியிலை வாறது கிழவியாத்தான்."

எனக்கு அந்தக் கவலை வேறு விதமாக இருந்தது. எனக்குத் தலை இழுப்பது சின்னம்மா. சிக்கை விரலால் பிரித்து, நோகாமல் இழுப்பா. அம்மா தலை இழுத்தால் களை பிடுங்குகிற மாதிரி இருக்கும். சின்னம்மா வவுனியாவுக்குப் போனால் என் தலை அம்மாவின் கையில். இதைவிடப் பெரிய ஆபத்து எதையும் அந்த வயதில் நான் அறிந்திருக்கவில்லை.

சின்னம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கவும் எழுதவும் வரும். ஆனால் ஒருவர் ஆங்கிலம் பேசி அவ கேட்டதே இல்லை. பரீட்சையிலோ பேச வேண்டும், பேசுவது விளங்கவும் வேண்டும். தண்ணீரூற்று என்ற ஊரில் இருந்த அப்பாவின் சிநேகிதர் ஒருவரிடம் ஆங்கிலப் பாடக் கசற்றுகள் இருப்பதாக அறிந்து, அப்பா நெல் மூட்டை ஏற்றிப்போன உழவு மெசினில் தொற்றிப் போய்க் கேட்டார். ஒரு பெட்டி நிறைய இருந்ததாம். இடம்பெயர்ந்த வழியில் எல்லாம் தொலைந்து, ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதிலும் ஒரு பக்கத்தில் யாரோ நாதஸ்வரம் பதிந்துவிட்டிருந்தார்கள். மிச்சமிருந்த ஒரு பக்கம் முழுவதும் ஒரே ஒரு பாடம்தான்: பிக் அப்.

அந்தப் பாடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பேசுவா. இடைக்கிடை ஓர் ஆண் ஒன்றிரண்டு சொல் சொல்லுவார். பெண் முதலில் நிலத்தில் கிடந்த கூடையை எடுப்பா. அது பிக் அப். பிறகு ஸ்ரேசனில் நிற்கிற அவவை அந்த ஆள் காரில் வந்து ஏற்றிக்கொண்டு போவார்; அதுவும் பிக் அப். ரயில் வெளிக்கிட்டு வேகம் பிடிப்பதும், பழைய றேடியோ தூரத்து நிலையம் ஒன்றைப் பிடிப்பதும், மழையில் நனைந்தவருக்குத் தடிமன் பிடிப்பதும், நோயில் கிடந்த கிழவர் தேறி வருவதும் எல்லாம் அதே சொல்தான். கடைசியில், ஏதோ ஒரு கடற்கரை ஊருக்குப் போன பெண், சந்தையில் சனம் பேசுவதைக் கேட்டுக் கேட்டே, ஒருவரும் படிப்பிக்காமல், அந்த ஊர்ப் பாஷையைப் பழகிக்கொள்வா. அதற்கும் பிக் அப் என்றுதான் சொன்னார்கள்.

அப்பாவுக்கு இதில் பெரிய மனத்தாங்கல்.

"ஒரு பாஷை எண்டா ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு சொல்லு இருக்கோணும்," என்றார். "கூடையும் பிக் அப், தடிமனும் பிக் அப் எண்டா, ஆஸ்பத்திரியிலை டொக்ரருக்கு என்னெண்டு விளங்கும்? இவங்கள் எப்பிடி எங்களை ஆண்டவங்கள்?"

அம்மா குசினிக்குள் இருந்தபடியே கேட்டா: "நான் கறிக்கு உப்புப் பாருங்கோ எண்டா, நீங்கள் கண்ணாலையே பாக்கிறியள்?"

அப்பா வாயைத் திறக்க முன்னமே அம்மா தொடர்ந்தா.

"பேந்து, போன மாதம் மாடு பாக்கப் போறன் எண்டு போனியள், வாங்கிக்கொண்டு வந்தியள். காய்ச்சலுக்குப் பரியாரி பாத்தவர். பிள்ளையை ஆர் பாக்கிறது எண்டு பெரியண்ணை வவுனியாவிலை இருந்து கேக்கிறார். எல்லாம் ஒரு பார்வைதானே?"

சின்னம்மா விழுந்து விழுந்து சிரித்தா. "அதுதான் அத்தான். அக்காவையே அனுப்புவம் நேர்முகத்துக்கு."

அதற்குப் பிறகு அந்தச் சொல் எங்கள் வீட்டில் குடியேறிவிட்டது. வலது கால் வீங்கிப் படுத்திருந்த எருது ஒருநாள் எழும்பி வைக்கல் தின்றபோது, "எருது பிக் அப் பண்ணீட்டுது," என்று அறிவித்தவர் அப்பாதான். அம்மா கூட, மழை இருட்டிக்கொண்டு வந்தால் கொடியிலிருக்கும் உடுப்புகளை எடுக்கச் சொல்லி, "பிக் அப், பிக் அப்!" என்று கத்துவா. பக்கத்து வளவுக்காரர் அதை எங்கள் நாயின் பெயர் என்று நினைத்திருந்தார்.

முதலில் மிதித்தது அண்ணா. என்னைவிட ஆறு வயது மூத்தவன், வயலில் வேலை செய்து காலெல்லாம் முறுகியவன். சீற்றில் ஏறி இருந்து, சில்லு பாட்டுப் பாட மிதிப்பான். வெள்ளைக்காரப் பெண் மரத்தில் இருக்கிற மைனாக்கள் சண்டை பிடிப்பதுபோலப் பேசித் தீர்த்துவிடுவா. சின்னம்மா கொப்பியும் பென்சிலுமாகப் பக்கத்தில் இருப்பா. கசற் முடிந்ததும் கொப்பியைப் பார்ப்பா. அதில் ஒன்றும் இருக்காது.

"கொஞ்சம் மெல்ல மிதி, தம்பி."

அண்ணா மெல்ல மிதிப்பான். ஒரு நிமிசம்தான். பிறகு கால் தன் பாட்டுக்கு ஓடத் தொடங்கும். பிழை அவனுடையதல்ல. அவனுக்கு மெதுவாகச் செய்ய வருகிற வேலை என்று உலகத்தில் ஒன்றும் இருக்கவில்லை.

ஒருநாள் பின்னேரம் அண்ணா அப்பாவோடு வரம்பு கட்டப் போய்விட்டான். நான் ஏறினேன். சீற்றில் இருந்தால் எனக்குப் பெடலுக்குக் கால் எட்டாது. அதனால் பாருக்கு மேல் சாக்கு ஒன்றை மடித்துப் போட்டு, அதில் இருந்து மிதித்தேன். அப்படியும் பெடல் கீழே போகும்போது என் பெருவிரல் அதைத் தவறவிட்டுவிடும். எட்டிப் பிடித்து மறுபடி உன்ன வேண்டும். சில்லு உருண்டது. வெள்ளைக்காரப் பெண் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்து எழும்பிய குரலில் பேசத் தொடங்கினா.

"ஷீஈஈ... பிக்ட்ட்ட்... அஅஅப்ப்... த பாஆஆஸ்கெட்."

சின்னம்மா பென்சிலைப் பிடித்தபடி அப்படியே இருந்தா. பிறகு எழுதத் தொடங்கினா. கசற் முடிந்தபோது கொப்பியின் பக்கம் நிறைந்திருந்தது. நான் வியர்த்து வழிந்து இறங்கியபோது, என் முகத்தைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டா.

"நாளைக்கும் நீதான் குஞ்சு மிதிக்கோணும்."

அடுத்தநாள் அண்ணா வழமைபோலச் சீற்றில் ஏறியபோது அவனை இறக்கிவிட்டா. அவனுக்குக் கோபம்.

"உவளோ? உவளுக்குக் காலும் எட்டாது, பெலனும் இல்லை. ஆமை மாதிரி மிதிப்பாள்."

"நீ நல்லா மிதிக்கிறாய் தம்பி," என்றா சின்னம்மா. "ஆனா இவளைப்போல மிதிக்க உன்னாலை ஏலாது."

இதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். அண்ணாவும் கேட்டான். அன்றிலிருந்து வீட்டில் என் நடையே மாறிவிட்டது. குளிக்கும்போது என் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன், கடைசியாக வந்தேன், நிலம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

அப்படி மெதுவாக மிதிக்கத்தான் கூடப் பெலன் வேண்டும் என்று நம்பினேன்; என் கால்களை இன்னும் பெலப்படுத்த வேண்டும் என்று தோன்றியது. அம்மாவிடம் போய் முட்டை கேட்டேன். அம்மாவும் சரி என்றா. ஒவ்வொரு நாளும் இவ்வளவு நேரம் மிதிக்கிற பிள்ளை.

"முட்டை எல்லாம் வேண்டாம் அக்கா," என்று சின்னம்மா குறுக்கே வந்தா. "பரீட்சை முடியட்டும். இப்ப உள்ள பெலன் காணும்."

இருக்கிற பெலமே போதும் என்று படித்த ஒருவர் சொல்வது சின்ன விசயமா? முட்டை போனாலும் பெருமை மிஞ்சியது.

இன்னொரு நாள் அண்ணா சமாதானமாகி, எனக்கு உதவி செய்ய நினைத்து, செயினுக்கும் அச்சுக்கும் எண்ணெய் விட்டுவைத்தான். அன்றைக்குச் சில்லு தானாகப் பறந்தது. வெள்ளைக்காரப் பெண் மறுபடி மைனாவானா. சின்னம்மா எழுந்துவந்து சில்லைத் தொட்டு, விரலை மோந்து பார்த்தா.

"ஆர் இதுக்கு எண்ணெய் விட்டது?"

"நான்தான்," என்றான் அண்ணா, பாராட்டை எதிர்பார்த்து.

"துடை."

அண்ணா பழந்துணியால் துடைத்தான். போதவில்லை. சின்னம்மா முற்றத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துச் செயினில் தூவினா. அப்பா வயலால் வந்து அதைப் பார்த்துவிட்டு, சைக்கிளுக்கு இது என்ன சடங்கு என்று கேட்டார். நேர்முகப் பரீட்சைக்குப் படிக்கிறா என்று அம்மா பதில் சொன்னா.

இப்படி நாளுக்கு நாள் ஒரே கசற்றைக் கேட்டோம். எனக்குச் சலிப்பே இல்லை. எனக்கு வேலை மிதிப்பது, கேட்பதல்ல. சின்னம்மா கேட்டு, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுவா. கசற் மெதுவாகச் சுற்றுவது என் காலால்தான் என்பது அவவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு குரலையே திரும்பத் திரும்பக் கேட்டால் காது தன் பாட்டுக்கு அதன் இராகத்தையும் எடுத்துக்கொள்ளும். என் பெருவிரல் பெடலைத் தவறவிடுகிற இடத்தில் வெள்ளைக்காரப் பெண்ணின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். நான் எட்டிப் பிடித்து உன்னும்போது திடீரென்று மேலே ஏறும். நுளம்பு கடித்து நான் காலைச் சொறிகிற இடத்தில் ஒரு சின்ன மௌனம் வரும். சின்னம்மாவின் ஆங்கிலத்திலும் இவை எல்லாம் அந்தந்த இடத்தில் வரத் தொடங்கின.

"இங்கிலீஷ்காரர் இப்பிடி இழுத்து இழுத்தே கதைக்கிறவை?" என்று அம்மா ஒருநாள் கேட்டா.

"குளிர் நாடெல்லோ," என்றார் அப்பா.

நேர்முகப் பரீட்சை ரவுணுக்குக் கிட்ட இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. சின்னம்மா சேலை உடுத்து அம்மாவின் சைக்கிளில் வெளிக்கிட்டா. நான் கரியரில். என்னை ஏன் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அம்மா கேட்டதற்கு, "இவள் பக்கத்திலை நிண்டாத்தான் எனக்கு இங்கிலீஷ் வரும்," என்றா. அது எனக்கு நியாயமாகவே பட்டது.

அரைச்சுவர் கட்டிய மண்டபம். மேலே தகரம். வெளியே நின்றால் உள்ளே நடப்பது எல்லாம் தெரியும், கேட்கும். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். இரண்டு ஆண்கள், நடுவில் ஒரு ரீச்சர். பளைப் பக்கத்திலிருந்து வந்தவ, வெள்ளை நூல் சேலை, தடித்த கண்ணாடி. அவதான் பெரியவ என்பது மற்ற இருவரும் இருந்த விதத்திலேயே தெரிந்தது. சின்னம்மாவுக்கு முன்னால் போன ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஆம்பிளை. எனக்கு அம்மாவின் சீப்பு நினைவுக்கு வந்தது.

சின்னம்மா போய் இருந்தா. ரீச்சர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டா.

அண்ணா மிதிக்கிற வேகம்!

சின்னம்மா முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்தா. ரீச்சர் இன்னொரு தரம் கேட்டா. அது இன்னும் வேகம். சின்னம்மா கைவிரல்களைக் கோத்துக் கோத்துப் பிரித்தா. இடப்பக்கம் இருந்தவர் பேனையை மூடினார். எனக்கு அந்த ரீச்சரின் மீது கடுங்கோபம் வந்தது. யாராவது போய் அவவை மெதுவாக மிதித்தால் சரியாகிவிடும் என்று பட்டது. எதை மிதிப்பது என்றுதான் தெரியவில்லை.

அப்போது சின்னம்மா திரும்பி என்னைப் பார்த்தா. நான் அரைச்சுவரைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரே உதவியைச் செய்தேன். நின்ற இடத்தில் நின்றபடி காலை மாற்றி மாற்றி மிதித்துக் காட்டினேன்.

சின்னம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சேர்ந்து குரலும் வந்தது. தயவுசெய்து கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கோ ரீச்சர் என்று ஆங்கிலத்தில் கேட்டா. ரீச்சர் மெதுவாகக் கேட்டா. சின்னம்மா பதில் சொல்லத் தொடங்கினா. எங்கள் விறாந்தை அப்படியே அந்த மண்டபத்துக்குள் வந்து இறங்கியது. வசனம் சாதாரணமாகத் தொடங்கும். நடுவில் கிணற்றுக்குள் இறங்கும். திடீரென்று மேலே ஏறும். நுளம்பு கடிக்கிற இடத்தில் ஒரு மௌனம். மறுபடி இறங்கும்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பேனையை மூடியவர் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். ரீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தமிழுக்கு வந்தா.

"பிள்ளை, வசனம் எல்லாம் சரி. ஒரு பிழையும் இல்லை. ஆனா நீர் ஆரிட்டை இங்கிலீஷ் படிச்சனீர்?"

"ரேப்பிலை, ரீச்சர். ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை."

"அந்த மனுசிக்கு என்ன வருத்தம்? காய்ச்சலோ?"

பேனைக்காரரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"வருத்தம் ஒண்டுமில்லை ரீச்சர்." சின்னம்மா அரைச்சுவரைக் காட்டினா. "இவள் என்ரை அக்காவின்ரை மகள். இவள் சைக்கிள் மிதிச்சாத்தான் ரேப் சுத்தும். இவள் மிதிச்சாத்தான் எனக்கு விளங்கும்."

மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கெண்டைக்கால் தெரியும்படி ஒருக்களித்து நின்றேன்.

"இஞ்சை வாரும், பிள்ளை," என்றா ரீச்சர். நான் உள்ளே போனேன். அவ சின்னம்மாவைப் பார்த்து, "இவவை உம்மடை வகுப்புப் பிள்ளை எண்டு நினையும். ஒரு பாடம் எடும் பாப்பம். என்ன வேணுமெண்டாலும் எடும்," என்றா.

என்ன வேண்டுமென்றாலும் எடுக்கலாம் என்றால், எங்கள் வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

சின்னம்மா தன் கைலேஞ்சியை நிலத்தில் போட்டுவிட்டு எடுத்தா. மெதுவாக, இழுத்து, ஆங்கிலத்தில் சொன்னா. என்னையும் செய்யச் சொன்னா. நான் எடுத்தேன், சொன்னேன். பிறகு என்னைக் கதவடியில் நிற்கவைத்து, சைக்கிளில் வருவதுபோலக் கையால் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, என்னை ஏற்றிக்கொண்டு போனா. பேனைக்காரர் கதிரையை இழுத்து வழி விட்டார். பிறகு அவ தும்மினா. தடிமன் எப்படி வந்தது என்று கேட்டா. மழையில் நனைந்ததால் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். கிழவர் நோயில் விழுந்தார். இப்போது எப்படி என்று கேட்டா. கிழவரை எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் எருதைத் தெரியும். எருது தேறிவிட்டது, வைக்கல் தின்கிறது என்று சொன்னேன். வைக்கலுக்கு மட்டும் தமிழ்ச் சொல்லைப் போட்டேன்.

நான் பேசியதும் அதே இராகத்தில்தான். எங்கள் இருவரின் குரலும் ஒன்றாகக் கிணற்றுக்குள் இறங்கி ஒன்றாக ஏறின. கடைசியில் ரீச்சரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தா. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்து முடிய வெகுநேரம் பிடித்தது.

"சரி. நீர் கொஞ்சம் கெதியாக் கேக்கவும் கதைக்கவும் பழகோணும். பெரிய ஆக்களோடை இப்பிடிக் கதைச்சா வருத்தம் எண்டு நினைப்பினம்," என்று சின்னம்மாவிடம் சொன்னா. "ஆனா வகுப்பிலை இப்பிடியே கதையும். பிள்ளையளுக்கு விளங்கும். இந்தா, இவவுக்கு விளங்கியிருக்கு."

வீட்டுக்கு வரும் வழி முழுக்கச் சின்னம்மா வாயை மூடவில்லை. மதகடியில் சைக்கிளை நிறுத்தி, இறங்கி, பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றா. நான் கரியரில் இருந்தபடி, நேர்முகத்தில் வென்ற என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முட்டைப் பொரியல் வைத்தார்கள். எனக்கு இரண்டு. வவுனியாவுக்கு, தங்கச்சிக்கு வேலை கிடைத்துவிட்டது, வேறு ஆளைப் பாருங்கோ என்று அப்பா சொல்லியனுப்பினார்.

அடுத்தநாள் பின்னேரம் நான் சாக்கை மடித்துக்கொண்டு போனேன். சீற்றில் அண்ணா இருந்தான்.

"இறங்கு," என்றேன்.

"சின்னம்மாதான் இருக்கச் சொன்னவா."

நான் நம்பவில்லை. சின்னம்மாவிடம் ஓடினேன். அவ கொப்பியோடு வந்துகொண்டிருந்தா.

"ஓம் குஞ்சு. இனி அண்ணா மிதிக்கட்டும். உன்ரை வேலை முடிஞ்சுது. வடிவாச் செய்து முடிச்சிட்டாய்."

வேலை கிடைத்ததும் ஆளை மாற்றிவிட்டா! ஒரு நாள் கூடப் பொறுக்கவில்லை. அதுவும் சின்னம்மா கேட்காமலே அண்ணா செயினுக்கு எண்ணெய் விட்டிருந்தான். அவ பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. நான் சாக்கை நிலத்தில் எறிந்துவிட்டு, விறாந்தைப் படியில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். அன்றைக்குத் தலை இழுக்கவும் போகவில்லை. கோபத்தில் அம்மாவிடமே போய்த் தலையைக் கொடுத்தேன்.

போன கிழமை என் மகள் கைத்தொலைபேசியில் ஓர் ஆங்கிலப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பேசுகிறவர் விடாமல் பொரிந்து தள்ளினார். "இந்தாள் சரியான கெதி அம்மா, குறைச்சு விடுறன்," என்று சொல்லி எதையோ தட்டினாள். உடனே அவருடைய குரல் இழுபட்டது. கையில் இருந்த சுளகை நான் கீழே வைத்தேன். முட்டை வேண்டாம் என்றதும், செயினில் மண் தூவியதும், இவளைப்போல மிதிக்க உன்னால் ஏலாது என்றதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. மகள் தட்டிய அந்த இடத்தில் அந்தக் காலத்தில் இருந்தது நான்தான். என் பெலத்துக்காக என்னை ஏற்றியதாக இவ்வளவு காலமும் நம்பியிருந்திருக்கிறேன். சின்னம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். "இப்பவோ விளங்கினது?" என்று கேட்டுவிட்டு, மூச்சு வாங்கச் சிரித்தா.

ஆனால் அவவுக்கும் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. மகளின் பாடம் முடிந்து வெகுநேரத்துக்குப் பிறகுதான் அது எனக்கே பிடிபட்டது. அந்தப் பின்னேரம், நான் முதுகைக் காட்டிக்கொண்டு படியில் இருந்தபோது, அண்ணா சில்லு பறக்க மிதித்தான். வெள்ளைக்காரப் பெண் கூடையை எடுத்தா, காரில் ஏறினா, சந்தைக்குப் போனா, எல்லாம் மைனாவின் வேகத்தில். சின்னம்மா திணறித் திணறிப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தா. "நிப்பாட்டு தம்பி, என்ன சொன்னவள்?" என்று கேட்டா.

"சந்தையிலை சனம் கதைக்கிறதைக் கேட்டுக் கேட்டுப் பழகினவவாம்," என்றேன் நான், திரும்பிப் பார்க்காமல்.

அண்ணா மறுபடி மிதித்தான். அவன் எவ்வளவு வேகமாக மிதித்தாலும் அந்தப் பெண் சொன்ன ஒரு சொல்லும் எனக்குத் தப்பவில்லை. கோபத்தில் இருந்ததால் அதை நான் கவனிக்கவில்லை.